இரட்டை வட்டம்

அந்த வட்டத்தை நான் போடவில்லை. இத்தனை வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஆளிடம், சொல்ல வேண்டிய இடத்தில், நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். இப்போது எழுதுவதால் மனம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தேன். ஊர் யாழ்ப்பாணம், கண்டி முதல் நியமனம். வெளிநாட்டுக்குப் போன அண்ணா, வீட்டு விசேஷங்களைப் படமெடுத்து அனுப்பு என்று ஒரு கமரா அனுப்பியிருந்தான். கண்டியில் எனக்கு வீடும் இல்லை, விசேஷமும் இல்லை. ஒரு வாடகை அறையும் பஸ் தரிப்பிடமும்தான் இருந்தன. ஆகவே தெருவை எடுத்தேன். சனிக்கிழமை காலைகளில் சந்தை, மணிக்கூட்டுக் கோபுரத்தடி, ரயில் நிலையம். வாவிப் பக்கம் போகமாட்டேன். அங்கே எடுக்கக்கூடிய படங்கள் எல்லாம் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு நாட்காட்டியில் தொங்கிக்கொண்டிருந்தன. சேலை, குடை, தோளில் பை என்று ஒரு டீச்சர் தெருவில் கமராவைத் தூக்கினால், கொஞ்சம் கழன்ற கேஸ் என்று நினைப்பார்களே தவிர யாரும் பயப்படமாட்டார்கள். அந்தச் சலுகையை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

ரோலைக் கழுவக் கொடுத்த இடம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோ. மடவளையைச் சேர்ந்த முஸ்லிம் தம்பதி நடத்தினார்கள். அவர்கள் வழக்கப்படி அவரை நானா என்றும், என்னைவிட ஏழு வயது மூத்த அவர் மனைவியை ராத்தா என்றும் அழைத்தேன். அண்ணா, அக்கா என்பதுதான் அது. முன்னறையில் நானா அடையாள அட்டைப் படமும் கல்யாணப் படமும் எடுப்பார். பின்னால் இருட்டறையில் படம் கழுவுவதும் பிரின்ட் போடுவதும் ராத்தா. வெளியே யாருக்கும் இது தெரியாது. நானாவின் கைராசி என்று ஊர் புகழும். உள்ளே ராத்தா மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டே சிரிப்பார்.

முதல் மூன்று ரோலிலேயே என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார். இப்படி அடையாள அட்டைக்கு உட்காராத முகங்களை அவர் அதுவரை கழுவியதில்லையாம். மடவளையிலிருந்து பஸ்ஸில் வருவார், இருட்டறைக்குள் நுழைவார், பஸ்ஸில் திரும்புவார். அவருக்குத் தெரிந்த கண்டி பஸ் யன்னல் அளவுதான். மிச்சக் கண்டியை நான் ரோலில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் எங்களுடையவை ஆயின.

எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. கழுவிய ரோலை ஆறு ஆறு படமாக வெட்டி, ஒரு முழுத் தாளில் அடுக்கி, மேலே கண்ணாடியை வைத்து ஒரே பிரின்ட் எடுப்போம். முப்பத்தாறு படமும் முத்திரை அளவில் அந்த ஒரு தாளில் தெரியும். அதைப் பார்த்துத்தான் எதைப் பெரிதாக்குவது என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானிப்பவர் ராத்தா. நான் பென்சிலைத் தொடக்கூடாது. "நீ அந்த எடத்துல நின்டவ புள்ள. ஒனக்கு அந்த வெயிலும் காத்தும் சேந்து ஞாபகம் வரும். எனக்கு படத்துல ஈக்கிறது மட்டுந்தான் தெரியும்" என்பார். முழுக்க நியாயம். எடுத்தவளுக்குத் தன் குஞ்சு எல்லாமே பொன்குஞ்சுதான்.

சிவப்பு மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவார். ஒரு வட்டம் என்றால் தபாலட்டை அளவு. இரண்டு வட்டம் என்றால் முழுத் தாள். இரண்டு வட்டம் லேசில் கிடைக்காது. நாலைந்து ரோலுக்கு ஒன்று கிடைத்தால் அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் குறையும். அவருடைய வட்டம் இடது மேல்பக்கம் தொடங்கிச் சுற்றி வந்து கீழே சேராமல் நின்றுவிடும். அரிசி அளவு இடைவெளி. சிவப்பு விளக்கின் கீழ் சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது என்பதால், முற்றத்து வெளிச்சத்தில் வட்டம் போட்டு, இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போவார். எந்தப் படத்துக்கு எத்தனை செக்கன் வெளிச்சம் கொடுத்தார் என்று பிரின்டின் பின்னால் கரிப்பென்சிலால் எழுதி வைப்பார்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கியபோது நான் அறைக்கு ஓடவில்லை, ஸ்டூடியோவுக்குத்தான் ஓடினேன். ராத்தா ஒரு கேள்வி கேட்கவில்லை. இருட்டறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று நாள் அங்கே இருந்தேன். இரண்டாம் நாள் பகல் சிலர் வந்து, உள்ளே தமிழாட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் நான் நிற்கிறேன். ராத்தா மருந்து சொட்டும் கையோடு முன்னறைக்குப் போய், உள்ளே ரோல் திறந்து கிடக்கிறது, கதவைத் திறந்தால் ஒரு கல்யாணம் முழுக்க வெளுத்துப்போகும், அந்த வீட்டாருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். போய்விட்டார்கள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. என் உயிர் அந்தக் குரலில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை நான் மறந்தவள் என்று யாரும் சொல்ல முடியாது.

அதன் பிறகும் ஏழெட்டு வருடம் எடுத்தோம், கழுவினோம். நாடு யுத்தத்துக்குள் போனது. தெருமுனைகளில் மணல் மூட்டை அடுக்கி இராணுவக் காவலரண் போட்டார்கள். நான் சனிக்கிழமைகளை விடவில்லை.

சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவர் இருந்தார். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர். மனைவி அங்கே கொழுந்து பறிக்க, இவர் நகரத்துக்கு இறங்கி வந்து கடைகளுக்குச் சுமந்துகொண்டிருந்தார். மூட்டை இறக்கிய பிறகும் அவருடைய வலது தோள் சரிந்தே இருக்கும். அந்தத் தோள் எனக்கு வேண்டியிருந்தது. அவரோ என்னைக் கண்டால் சாக்கை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். மாதக்கணக்கில் இந்த விளையாட்டு நடந்தது. ஒரு சனிக்கிழமை அவரே கிட்ட வந்தார்.

"அடையாள அட்டைக்குப் படம் புடிச்சதுக்கே ஆயிரம் கேள்வி கேட்டாங்க. நீங்க எடுக்கிறது வேற யாரு கைக்கும் போயிறாதுங்களே டீச்சர்?"

"போகாது" என்றேன். "கழுவுறதும் நாங்கள், வைச்சிருக்கிறதும் நாங்கள்."

நாங்கள் என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு சுவரோரம் தன் மூட்டைமேல் உட்கார்ந்தார். கைகள் மடியில். அவருக்குப் பின்னால் தெருமுனையில் காவலரண் மணல் மூட்டைகள் தெரிந்தன. மூட்டைக்காரருக்குப் பின்னால் இன்னும் நாலு மூட்டை என்றுதான் என் கண் கண்டது. நாட்டில் நடப்பது தெரிந்த ஒருத்தி இரண்டு அடி நகர்ந்து நின்றிருப்பாள். எனக்குக் கோடும் சாய்வும்தான் முக்கியமாக இருந்தது. அந்த மடத்தனம் என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் ராத்தா அந்தத் தாளை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். ஐந்து படத்துக்கு ஒற்றை வட்டம் போட்டார். மூட்டைக்காரரிடம் வந்தபோது பென்சில் நின்றது. "மூட்டைக்குப் பின்னால மூட்டை. இத நீ தெரிஞ்சா எடுத்த?" என்று கேட்டுவிட்டு, ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி இன்னொன்றும் போட்டார். பஸ்ஸுக்கு நேரமானதால் பிரின்ட் போடாமல், தாளை இருட்டறைக் கயிற்றில் கிளிப்பில் மாட்டிவிட்டு எழும்பினோம்.

அந்த வாரம் குண்டு வெடித்திருந்தது. காவலரண்களை யாரோ படமெடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பொலிஸ்காரர் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய்ச் சோதனை போட்டார்கள். கட்டுகஸ்தோட்டைக்குச் செவ்வாய்க்கிழமை வந்தார்கள். கயிற்றில் தொங்கிய தாளில் காவலரண் தெரிந்த படம், அதில் ஒரு தமிழாள், அவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதுவும் இரண்டு. அன்று மத்தியானமே பாடசாலை அதிபரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க நான் ஜீப்பில் ஏறினேன்.

விசாரித்தவர் மரியாதையாகத்தான் பேசினார். என் சிங்களம் மரக்கறிக் கடைச் சிங்களம், மெதுவாகக் கேட்டார். மேசைமேல் தாள், மேலே வெள்ளை டியூப் லைட். எத்தனையோ ஞாயிறு பார்த்த அந்தச் சிவப்பு, அங்கே வேறு ஏதோவாகத் தெரிந்தது. இந்த ஆளுக்கு மட்டும் ஏன் இரண்டு வட்டம் என்று கேட்டார். யார் போட்டது என்றும் கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தபோது மருந்து சொட்டும் கையும் சாத்திய கதவும் ஞாபகம் வந்தன. நான்தான் போட்டேன் என்றேன். பெரிதாகப் பிரின்ட் போடுவதற்கான அடையாளம், படத் தொழிலில் எல்லோரும் செய்வது, ஸ்டூடியோவில் கேட்டால் சொல்வார்கள் என்றேன். சொல்லும்போது எனக்குப் பயமே இல்லை. ஸ்டூடியோவில் இருப்பது ராத்தா அல்லவா.

கேட்டாகிவிட்டது என்றார் அவர். ஒரு வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார். டீச்சர் வட்டம் போட்டுத்தான் தாளைக் கொண்டுவருவார். அது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. கழுவிக் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை. கீழே இருந்த கையெழுத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நானாவுடையது அல்ல. ராத்தாவுடையது. கடைசி எழுத்தின் சுழி, கீழே சேராமல் நின்றிருந்தது.

தொழிலில் இருக்கிறவரே தெரியாது என்று எழுதிக் கொடுத்த பிறகு, கணக்கு டீச்சர் சொல்வதை எந்த மடையன் நம்புவான்?

ஆறு நாளில் என்னை விட்டார்கள். அதிபர் கடிதத்தோடு நேரே வந்து உட்கார்ந்திருந்தார். மூட்டைக்காரரை என்னைக் கொண்டுபோன அதே நாள், தாளைக் கையில் வைத்து முகம் பார்த்துச் சந்தையிலேயே பிடித்திருந்தார்கள். அவருக்காகக் கடிதம் எழுத அதிபர் யாரும் இருக்கவில்லை.

வந்த ஞாயிறு ஸ்டூடியோவுக்குப் போனேன். ராத்தா கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போல் தட்டுகளைக் கழுவினார். ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"நான்தான் போட்டேன்னு செல்லி இருந்தா என்னயக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க" என்றார். "எனக்கு மூணு புள்ளைகள் ஈக்கிது."

"உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருத்தரையும் கொண்டுபோயிருக்க மாட்டினம், ராத்தா. அது பிரின்ட் போடுற அடையாளம் எண்டு ஒரே ஒரு வசனம். நீங்கள் சொன்னால் நம்பியிருப்பினம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒங்கள அவங்க எப்படியும் சந்தேகப்படுறதானே புள்ள. ஒங்களுக்கு இது புதுசில்ல. எங்களுக்கு அப்படி இல்லயே."

வாக்குமூலத்தைவிட இதுதான் என்னை வெட்டியது. பத்து வருடம் ஒரே விளக்கின் கீழ் நின்றவள் நான். அவர் கணக்கில் நான் பழக்கப்பட்டவள்; அடி வாங்கினால் பெரிதாக நோகாதவள். எங்கள் ஊரில் புறப்படும்போது வாறன் என்றுதான் சொல்வோம். அன்று அதைச் சொல்லாமல் படியிறங்கினேன். தேத்தண்ணி குடிக்கவில்லை.

மூட்டைக்காரருக்காக ஒரு மனு எழுதினேன். வட்டம் என்னுடையது, அதன் அர்த்தம் இது என்று விளக்கி, ஸ்டூடியோக்காரரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். நானா அதை வாங்கி வாசித்துவிட்டு, ராத்தா பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, திருப்பித் தந்தார். என் கையெழுத்தோடு மட்டும் போன மனுவுக்குப் பதில் வரவில்லை.

வட்டம் யாருடையது என்பதை விட்டுவிட்டு, அந்த வாக்குமூலத்தைப் பற்றி மட்டும் அண்ணாவுக்கு எழுதினேன். அந்த ஆட்களை நம்பினது உன்ர பிழை என்று பதில் போட்டான். அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். எண்பத்து மூன்றில் அந்த ஆட்கள்தான் என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியவர்கள் என்பது அவனுக்கு நான் எழுதித் தெரியும், எனக்கு நின்று தெரியும். என்னைக் கைவிட்டது ஒரு சமயமோ ஊரோ அல்ல. என் ராத்தா. அவ்வளவு கிட்ட இருந்து வந்த அடியை ஒரு கூட்டத்தின்மேல் பரப்பி இலேசாக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

சில மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. என் நெகட்டிவ் எல்லாம் ஆறு ஆறாக வெட்டி, வரிசை பிசகாமல் இருந்தன. அன்று அவர்கள் தாளை மட்டும்தான் எடுத்துப் போயிருக்கிறார்கள். கூடவே மூட்டைக்காரரின் படம், முழுத் தாளில். கடிதம் இல்லை. ராத்தா போட்ட பிரின்டுகளில் அதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை. தோளின் சரிவு, கைகளின் காய்ப்பு, சாக்கின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. மணல் மூட்டைகள் மட்டும் இல்லை. பிரின்ட் தாளில் வெளிச்சம் கூடினால் கறுக்கும்; அந்த மூலைக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கன்னங்கரேலென்று ஆக்கியிருந்தார். பின்னால் கரிப்பென்சிலில் அவருடைய கணக்கு இருந்தது: முகம் பதினாறு, மூலை ஐம்பது. எனக்குத் தலை வெடிக்கும் போல் கோபம் வந்தது. அந்த மூலையை மறைக்க ஐம்பது செக்கன் நின்றவருக்கு, கேட்ட நாளில் ஒரு வசனம் சொல்ல மூன்று செக்கன் போதுமாயிருந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்க முடியவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

எட்டு மாதத்துக்குப் பிறகு மூட்டைக்காரரை விட்டார்கள் என்று சந்தையில் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு, படத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு தெல்தோட்டை பஸ் ஏறினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று வழி முழுக்கப் பாடமாக்கினேன். வட்டம் நான் போட்டதில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

லயம் என்கிற தோட்ட வரிசைவீட்டின் வாசலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். வலது தோள் இப்போது சரியவில்லை. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் விழுந்து கிடந்தன. மனைவி பிளேன்டீ கொண்டுவந்து தந்துவிட்டு, சிரிக்காமல் கதவோரம் நின்றார். அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு மட்டும் ஏன் டீச்சர் ரெண்டு வட்டம்?" என்று கேட்டார். "தெனமும் இதத்தான் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல."

பாடமாக்கி வைத்திருந்த வசனம் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் ராத்தா செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று தோன்றியது. இன்னொரு கையைக் காட்டிவிட்டுப் பக்கத்தில் ஒதுங்கி நிற்பது. வேறு யார் கைக்கும் போகாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவள் நான்.

"நான்தான் போட்டனான்" என்றேன். "முப்பத்தாறிலையும் உங்கட படம்தான் நல்லாயிருந்தது. அதுக்குத்தான்."

"நல்லா இருந்ததுக்கா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

மனைவிதான் பேசினார். "நீங்க படம் புடிச்சு யாருக்கோ அனுப்புறதா எழுதி, கையெழுத்து வையி, அன்னைக்கே விட்டுர்றோம்னாங்களாம். மொத மாசமே. இவரு வைக்கல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் படத்தைப் பழையபடி பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க புடிச்சதப் பாத்தேன். யாருக்கும் அனுப்புனத நான் பாக்கலையே டீச்சர். பாக்காதத எப்படி எழுதிக் குடுக்கிறது?" பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "இது வீட்டுல வேணாங்க. சோதன போட வந்தா மறுபடியும் ஒங்களப் பத்திக் கேப்பாங்க."

வாங்கிக்கொண்டேன். பஸ் வரும்வரை அவர் வீதியோரம் என்னோடு நின்றார். ஏறும்போது என் குடையை வாங்கிப் பிடித்து, நான் இருக்கையில் அமர்ந்த பிறகு யன்னலால் தந்தார். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது: பார்க்காததை எட்டு மாதம் சொல்ல மறுத்த மனிதரிடம் நான் ஒரு பொய்யை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அவர் அதை நம்பிவிட்டார்.